மருமகள் காம்போ: ரீல்ஸ் பாத்து வாங்கின ஈயச்சொம்பு, கல்சட்டி, தோசைக்கல் – ஆறு மாசம் கழிச்சு ஒரு ரிவ்யூ

மொதல்லயே மார்க் சொல்லிடறேன், அவசரத்துல இருக்கறவங்க படிச்சிட்டு கெளம்பலாம். கல்சட்டிக்கு அஞ்சுக்கு அஞ்சு, தோசைக்கல்லுக்கு மூணு, ஈயச்சொம்பு இப்போ சொம்பாவே இல்ல அதனால அதுக்கு மார்க் போட வழியில்ல. பேக்கிங் நல்லா இருந்துச்சு. வித்த பேஜுக்கு ஒண்ணு.

எப்படி மாட்டினேன்னா, கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு, திருச்சில ரெண்டு பெட்ரூம் அபார்ட்மெண்ட், ரெண்டு பேருக்கும் வேலை, எனக்கு வீட்லேர்ந்தே. ஒரு நாள் ராத்திரி பதினொண்ணே முக்காலுக்கு, ஆர்டர் பண்ணின பரோட்டாவ தின்னுட்டு சால்னா கவர கூட குப்பைல போடாம நைட்டியோட படுத்துகிட்டு ஃபோன தள்ளிட்டு இருக்கேன், அப்ப வருது அந்த ரீல். முப்பது செகண்டு கூட இருக்காது. "காலை 5.15" னு எழுத்து வருது, ஒரு பொண்ணு, என்ன விட ரெண்டு மூணு வயசு கம்மியா இருக்கும், ஈரத்தலைல துண்டு, அடுத்த ஷாட்ல காட்டன் சேலை, மல்லிப்பூ, வகிட்ல குங்குமம், கால் மெட்டி க்ளோசப்ல, வாசல்ல கோலம், டபரால காபி ஆத்தற சத்தம், அப்பறம் ஈயச்சொம்புல ரசம் விளிம்பு வரைக்கும் நுரை கட்டி எழும்புது, "என்னங்க, சாப்பிட வாங்க" ன்னு குரல், வேஷ்டி கட்டின ஹஸ்பண்ட் வந்து ஒரு வாய் குடிச்சிட்டு கண்ண மூடி தலைய ஆட்டறார். அவ்ளோதான். கீழ "மகாலட்சுமி குடியிருக்கும் சமையலறை" ன்னு கேப்ஷன், பயோல லிங்க், அந்தப் பொண்ணு பேர கோடா போட்டா 250 ரூபா கம்மி.

அஞ்சேகாலுக்கு ஜன்னல் வழியா அவ்ளோ வெயில் எந்த ஊர்ல அடிக்குதுன்னு எனக்கு அப்பவே தோணியிருக்கணும். தோணல. நான் என் ஹஸ்பண்ட பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், கோவம் வந்தா டேய், "என்னங்க" ன்னு கூப்பிட்டா யார கூப்பிடறேன்னு அவர் திரும்பிப் பாப்பார். ஆனாலும் அந்த ராத்திரி அந்த ரசத்துல ஏதோ ஒண்ணு இருந்துச்சு. நாம ஏதோ விட்டுட்டோம், நம்ம வீடு வீடாவே இல்ல, ஒரு சொம்பு வந்தா எல்லாம் சரியாயிடும்ங்கற மாதிரி. டிஎம் பண்ணினேன். "ஹாய் சிஸ், ஸ்டாக் லிமிடெட்" ன்னு உடனே பதில், ராத்திரி பன்னெண்டு மணிக்கு. காம்போ 4,999, கோட் போட்டு 4,749, வெயிட் ஜாஸ்திங்கறதால கூரியர் 350. கேஷ் ஆன் டெலிவரி கிடையாது, ஜிபே மட்டும். பார்சல் பிரிக்கறப்ப கட் இல்லாம வீடியோ எடுக்கணும், இல்லன்னா எந்த கம்ப்ளைண்டும் எடுத்துக்க மாட்டோம்.

எட்டாவது நாள் வந்துச்சு. உள்ள வைக்கோல், அதுக்குள்ள மூணு பாத்திரம், ஒரு குட்டி துணிப்பைல மஞ்சக்கிழங்கு, குங்குமப் பொட்டலம், "அன்பான இல்லத்தரசிக்கு" ன்னு ஆரம்பிக்கற ஒரு கார்டு. அந்தக் கார்ட்ல பாட்டி கைப்பக்குவம், பாரம்பரியம், அடுக்களை தான் பெண்ணோட கோயில்னு பதினாறு வரி இருக்கு. இந்தப் பாத்திரத்த எப்படி உபயோகிக்கணும்னு ஒரு வரி இல்ல. இத ஞாபகம் வச்சுக்கோங்க.

ஈயச்சொம்பு. மூணாவது நாளே முடிஞ்சது கதை. மீட்டிங்குக்கு நடுவுல பதினஞ்சு நிமிஷம் கேப், ரசம் வச்சிடலாம்னு எல்லா பாத்திரத்தையும் வைக்கற மாதிரியே அடுப்ப பத்த வச்சு வெறும் சொம்ப பெரிய பர்னர்ல வச்சிட்டு, இந்தப் பக்கம் திரும்பி புளி கரைச்சிட்டு இருந்தேன். ரெண்டு நிமிஷம் கூட இருக்காது. ஒரு மாதிரி சொத்துன்னு சத்தம். திரும்பிப் பாத்தா சொம்பு ஒரு பக்கமா சரிஞ்சு நிக்குது, குடிச்சிட்டு வந்த ஆள் செவத்துல சாஞ்சு நிக்கற மாதிரி, அடில இருந்து வெள்ளி வெள்ளியா சொட்டி பர்னர் மேல பாதரசம் மாதிரி உருண்டு ஓடுது. நான் புளிக்கையோட அப்படியே நிக்கறேன். ஹஸ்பண்ட் ஓடி வந்து கேஸ ஆஃப் பண்ணினார். ஆறினதுக்கு அப்பறம் பாத்தா பர்னர் ஓட்டை எல்லாம் அடைச்சுப் போச்சு, புது பர்னர் 380 ரூபா தனி.

அப்பறம் தான் அத்தைக்கு ஃபோன் பண்ணினேன். என் மாமியார் கும்பகோணம் பக்கத்துல கிராமம், நாப்பது வருஷமா ஈயச்சொம்புல ரசம் வைக்கறவங்க. விஷயத்த கேட்டுட்டு சிரிச்சு முடிக்கவே ஒரு நிமிஷம் ஆச்சு. "வெறும் சொம்ப யாராவது அடுப்புல வைப்பாங்களாடி, அது வெண்ணெயில்ல?" ன்னாங்க. விஷயம் என்னன்னா இந்த சொம்பு செய்யற வெள்ளீயம், அதாவது டின், உருகறது வெறும் 232 டிகிரில. உள்ள தண்ணி இருக்கற வரைக்கும் சொம்போட சூடு நூறு டிகிரிய ஒட்டியே நிக்கும், ஒண்ணும் ஆகாது. தண்ணி இல்லன்னாலோ, தீ பக்கவாட்டுல ஏறி ரசம் இல்லாத மேல் பகுதிய நக்கினாலோ அவ்ளோதான். அதனால சின்ன பர்னர், சிம் தீ, மொதல்ல புளித்தண்ணி ஊத்திட்டு அப்பறம் தான் அடுப்பு, தாளிப்ப எப்பவும் வேற கரண்டில. அத்தை இன்னும் உஷார், ரசத்த வேற பாத்திரத்துல கொதிக்க வச்சிட்டு கடைசில தான் சொம்புக்கு மாத்தி நுரை கட்ட விடுவாங்க. நான் அந்த ரீல மறுபடி போய் பாத்தேன். கைல சொம்பு எடுக்கற ஷாட், கட், நுரை கட்டற ஷாட். நடுவுல இருக்கற விஷயம் எல்லாம் அந்தக் கட்டுல போயிடுச்சு. கவர்ல மஞ்சக்கிழங்கு வைக்கத் தெரிஞ்சவங்களுக்கு "காலிச் சொம்ப அடுப்புல வைக்காதீங்க" ன்னு ஒரு வரி அடிக்கத் தெரியல.

இன்னொண்ணும் கேட்டேன் அந்த பேஜ்ல, இது சுத்தமான வெள்ளீயமான்னு. தமிழ்ல ஈயம்னா ரெண்டு இருக்கு, வெள்ளீயம் வேற காரீயம் வேற, காரீயம் விஷம், சமையலுக்கு பக்கத்துலயே வரக்கூடாது. வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கணும், ஒத்துக்கறேன். "நூறு பர்சென்ட் டிரெடிஷனல் சிஸ்" னு பதில் வந்துச்சு. மறுபடி கேட்டேன், ஹார்ட் எமோஜி வந்துச்சு. பணம் பத்தி கேட்டப்ப "மிஸ்யூஸ் டேமேஜுக்கு நாங்க பொறுப்பில்ல" ன்னு மட்டும் நல்ல தெளிவான இங்கிலீஷ்ல வந்துச்சு.

கல்சட்டி. இது மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, இதுக்காகவே இந்த ரிவ்யூ எழுதறேன்னு கூட வச்சுக்கலாம். மாக்கல்ல குடைஞ்சது, ரெண்டு லிட்டர் புடிக்கும், காலியா தூக்கினாலே மூணு கிலோவுக்கு மேல. வத்தக்குழம்பு வச்சு அடுப்ப அணைச்சா அதுக்கு அப்பறமும் பத்து நிமிஷம் தன்னால கொதிச்சிட்டு இருக்கும், மொத தடவ பாத்தப்ப அடுப்பு அணையலயோன்னு குனிஞ்சு பாத்தேன். மத்தியானம் வச்சது சாயங்காலம் வரைக்கும் வெதுவெதுன்னு இருக்கு, புளி போட்டாலும் கல்லு ஒண்ணும் பண்ணாது, தயிர் ஊத்தி வச்சா கத்தி வச்சு வெட்டற மாதிரி உறையுது. ஆனா இத பழக்கணும். பழக்கறதுன்னா, விளக்கெண்ணெயும் மஞ்சத்தூளும் குழைச்சு உள்ள வெளிய தடவி நாலஞ்சு நாள் ஊற விடணும், அப்பறம் தெனமும் சோறு வடிச்ச கஞ்சிய சூடா ஊத்தி வச்சு மறுநாள் கொட்டி, மறுபடி ஊத்தி, இப்படி ஒரு வாரம், அதுக்கு அப்பறம் தான் அடுப்பு, அதுவும் மொதல்ல சிம்ல தண்ணி மட்டும். அவசரப்பட்டு பெருந்தீ வச்சா விரிசல் விடும். சோப்பு போட்டுத் தேய்க்கக் கூடாது, கல்லு உறிஞ்சிக்கும். எங்க வீட்ல குக்கர்ல சோறு, கஞ்சிக்கு எங்க போறது? கீழ்வீட்டு அம்மாகிட்ட தெனம் கஞ்சி வாங்கினேன், அவங்க பாவம் நாங்க கஷ்டப்படறோம்னு நெனச்சு நாலாவது நாள் கூட ஒரு கிண்ணம் பொரியலும் குடுத்தாங்க.

பன்னெண்டு நாள் ஆச்சு எனக்கு மொத குழம்பு வைக்க. ரீல்ல அது ஒரு ஸ்வைப். எங்கம்மா வந்தப்ப எண்ண தடவி வச்சிருக்கறத பாத்துட்டு "புது மருமகள பழக்கற மாதிரி நீ சட்டிய பழக்கற, சட்டிக்காவது பன்னெண்டு நாள் குடுக்கறாங்க" ன்னு சொல்லிட்டு அவங்கபாட்டுக்கு டிவி பாக்கப் போயிட்டாங்க.

தோசைக்கல் பத்தி ரொம்ப ஒண்ணும் இல்ல. இரும்பு, பதினோரு இஞ்ச், கனமா இருக்கு, நல்லாத்தான் இருக்கு. ரீல்ல காட்டினது பத்து வருஷம் ஓடி கறுத்துப் போன கல்லு, வந்தது சாம்பல் கலர்ல மெஷின் எண்ணெயோட. மொத பத்து தோசை கொத்துபரோட்டா. பாதி வெங்காயத்த எண்ணெல தொட்டுத் தொட்டு தேய்ச்சு ஒரு மாசத்துல வழிக்கு வந்துச்சு. ஈரத்தோட வச்சா மறுநாளே துரு. இதே கல்ல மலைக்கோட்டை பக்கம் கடைவீதில முந்நூறு ரூபா கம்மியா பாத்தேன்.

சரி, அந்த ரீலுக்கு வர்றேன், ஏன்னா நான் காசு குடுத்தது பாத்திரத்துக்கு இல்ல அதுக்குத்தான்.

எங்க அபார்ட்மெண்ட்லயே ரெண்டாவது ஃப்ளோர்ல ஒரு பொண்ணு இருக்கா, இதே மாதிரி ரீல்ஸ் போடறவ, நாப்பதாயிரம் ஃபாலோயர்ஸ். கல்யாணத்துக்கு முன்னாடி பேங்க்ல வேலை, ஊர் மாறினதுல வேலை போச்சு, வீட்ல சும்மா இருக்கறதுக்கு ஆரம்பிச்சது. சொம்பு உருகின கதைய லிஃப்ட்ல சொன்னேன், "ஐயோ அக்கா" ன்னு சிரிச்சிட்டு வீட்டுக்கு கூட்டிட்டுப் போனா. ஒரு ஞாயித்துக்கிழமை மூணு சேலை மாத்தி ஒரு வாரத்துக்கு உண்டான ரீல்ஸ எடுத்து முடிச்சிடுவாளாம். "காலை 5 மணி" எல்லாம் சாயங்காலம் நாலு மணி, மேற்கு ஜன்னல் வெயில். மேடைல மூணு அடி மட்டும் பளபளன்னு இருக்கு, அந்த மூணு அடிக்கு இந்தப் பக்கம் மிக்ஸி ஜார், நேத்து பால் பாக்கெட், பாதி வெங்காயம், நம்ம வீடு மாதிரியே. மல்லிப்பூவ ஃப்ரிட்ஜ்ல டப்பால போட்டு வச்சிருக்கா, மூணு ரீலுக்கு ஒரே மொழம். கேமரா யாருன்னு நெனக்கறீங்க, அவ மாமியார். ஃபோன புடிச்சிட்டு "வளையல் சத்தம் வரல, மறுபடி கடுகு போடு" ன்னு டைரக்‌ஷன் வேற. எனக்கு அந்த ரெண்டு பேரையும் அங்க பாக்க ரொம்ப புடிச்சிருந்துச்சு, உண்மைய சொல்லணும்னா எந்த ரீலயும் விட அதுதான் நல்லா இருந்துச்சு, ஆனா அத அவ போட மாட்டா.

ஒரு தடவ நைட்டி மேல துண்டு போட்டுகிட்டு அப்படியே சமைக்கறத போட்டிருக்கா, வழக்கமா வர்றதுல பத்துல ஒரு பங்கு கூட வியூஸ் வரல, கமெண்ட்ல "வீட்ட இப்படியா வச்சிருப்ப", "குங்குமம் எங்க" ன்னு கேட்டிருக்காங்க. கேட்டவங்க பாதிப்பேர் பொம்பளைங்க. "நைட்டில போட்டா ரீச்சே வராதுக்கா, தாலிச்சரடு தெரியற மாதிரி போட்டா வரும்" னு கணக்கு சொல்ற மாதிரி சொன்னா. கணக்குதான் அது. 2020 ஜூன் கடைசில டிக்டாக்க தடை பண்ணினாங்க, அடுத்த மாசமே இங்க ரீல்ஸ் வந்துச்சு, டிக்டாக்ல நைட்டியோட ஆடின, கூலி வேலைக்குப் போயிட்டு வந்து டயலாக் பேசின பொம்பளைங்க எத்தன பேர் இருந்தாங்க, எவ்ளோ கேலி பண்ணினோம் அவங்கள. இப்ப என் ஃபீட்ல வர்றது சேலையும் பித்தளையும் தான். வெளிநாட்ல இதுக்கு ட்ராட்வைஃப், அதாவது அந்தக்காலத்து பொண்டாட்டின்னு பேரே வச்சு சண்ட போடறாங்க, அங்க கவுன் போட்டுகிட்டு ரொட்டிக்கு மாவு பெசையறது, இங்க ஈயச்சொம்பு.

என்னையும் ஒண்ணு எடுத்தா, கல்சட்டில வத்தக்குழம்பு. சேலை அவளே கட்டி விட்டா, குழம்பு நுரைக்கறது சரியா விழலன்னு நாலு தடவ சூடு பண்ணினோம், கடைசில அது உப்புக் கரிச்சு வாய்ல வைக்க முடியல. ஹஸ்பண்ட் அப்போ பின்னாடி சிங்க்ல பாத்திரம் தேச்சிட்டு இருந்தார், எங்க வீட்ல அது அவர் வேலை, ஆரம்பத்துல இருந்தே. அவ ரொம்ப மரியாதையா "அண்ணா, ஃப்ரேம்ல வர்றீங்க, கொஞ்சம் ஹால்ல உக்காருங்க, கூப்பிடறப்ப வந்து டேஸ்ட் பண்ணினா போதும்" னா. அவர் கைய தொடச்சிட்டு போய் உக்காந்தார். கூப்பிட்டோம், வந்தார், அந்த உப்புக்குழம்ப ஒரு வாய் குடிச்சிட்டு கண்ண மூடினார், நெஜமாவே மூடித்தான் ஆகணும். ரீல் போச்சு, மொத கமெண்ட்: "அண்ணன் குடுத்து வச்சவர்". ரெண்டு நாள் நான் அந்தக் கமெண்ட்ஸ திரும்பத் திரும்ப படிச்சேன், சந்தோஷமா இருந்துச்சு, அது தான் எனக்கு பயமா இருந்துச்சு. என்னோட பத்து வருஷ வேலைய பாத்து யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல.

2024-ல நாடு முழுக்க எடுத்த டைம் யூஸ் சர்வேல, தன் வீட்டு வேலைய சம்பளமில்லாம பாக்கற பொம்பளைங்க ஒரு நாளைக்கு அதுக்கு 289 நிமிஷம் போடறாங்க, ஆம்பளைங்க 88. அந்த 289-ல முப்பது செகண்டு தான் ரீல். மீதிய எடுத்து போட்டா யாரும் பாக்க மாட்டாங்கன்னு அந்தப் பொண்ணு சொல்றா, அவ சொல்றது தப்புன்னு என்னால சொல்ல முடியல. அவ மேல எனக்கு கோவமும் இல்ல. எடுக்கறது, எடிட் பண்றது, டிஎம்முக்கு பதில் சொல்றதுன்னு பாத்தா அதுவும் முழு நேர வேலை, அதுல வர்ற காசு அவ கைக்கு வர்ற சொந்தக் காசு. நெறைய பேருக்கு காசு கூட இல்ல, அந்த சேலையும் சொம்பும் தான் சம்பளம்.

ஆனா வித்தவங்க மேல கோவம் இருக்கு. 2023 ஜனவரில மத்திய அரசோட நுகர்வோர் துறை தெளிவா சொல்லிடுச்சு, காசு வாங்கினாலும் சரி பொருள் ஓசில வாங்கினாலும் சரி, விளம்பரம்னா விளம்பரம்னு கண்ணுக்குத் தெரியற மாதிரி போடணும், ஹேஷ்டேக் கூட்டத்துல ஒளிக்கக் கூடாது, தான் உபயோகிச்ச பொருளத்தான் சொல்லணும். ஏமாத்தற விளம்பரத்துக்கு 10 லட்சம் வரைக்கும் அபராதம், திரும்பப் பண்ணினா 50 லட்சம். நான் பாத்த ரீல்ல "மோர்" அழுத்தி, இருபது ஹேஷ்டேக் தாண்டி, கடைசில "கொலாப்" னு ஒரு வார்த்தை, இது விளம்பரம்னு சொல்ற லட்சணம் அது. மகாலட்சுமி மேல இருக்கா, கொலாப் கீழ இருக்கு. நான் கம்ப்ளைண்ட் எதுவும் குடுக்கல, சோம்பேறித்தனம் தான், நீங்க மாட்டினா 1915-க்கு போன் பண்ணுங்க, நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம்.

வாங்கலாமான்னு கேட்டா, கல்சட்டி வாங்குங்க, கண்டிப்பா, ஆனா நேர்ல போய் தூக்கிப் பாத்து, தட்டிப் பாத்து. கல்சட்டி கெடைக்கற சேலம் பக்கம் போறவங்க யாராவது இருந்தா சொல்லி விடுங்க. தோசைக்கல் உங்க ஊர் கடைவீதிலயே இருக்கு. ஈயச்சொம்பு மட்டும் தெரிஞ்ச கடைல, பில்லோட.

போன மாசம் ஊருக்குப் போனப்ப அத்தை என்ன கும்பகோணத்துல அவங்க பழகின பாத்திரக்கடைக்கு கூட்டிட்டுப் போனாங்க. நான் உருகின கட்டிய ஒரு பழைய டிபன் பாக்ஸ்ல போட்டு எடுத்துட்டுப் போயிருந்தேன், வெக்கமாத்தான் இருந்துச்சு. கடைக்காரர் பெரியவர், ஒண்ணும் கேக்கல, மாசத்துக்கு ஒருத்தர் கொண்டு வர்றாங்கம்மான்னு மட்டும் சொன்னார். சொம்போட விளிம்பு மிச்சம் இருந்த துண்ட காது கிட்ட வச்சு மெதுவா வளைச்சார், சுள்ளி முறியற மாதிரி கிறீச்சுன்னு ஒரு சின்ன சத்தம். இந்த சத்தம் வந்தா வெள்ளீயம் தான்னார். அப்ப பேஜ்காரங்க அதுல பொய் சொல்லல, அந்த ஒரு மார்க் அதுக்குத்தான். தராசுல வச்சார், 410 கிராம், மீதி பர்னர்ல போச்சு. புதுச் சொம்புக்கு, பழைய ஈயத்துக்கு எடை போட்டு கழிச்சது போக 1,650 ரூபா. நான் ஃபோன எடுக்கறதுக்குள்ள அத்தை முந்தானை முடிச்ச அவுத்துட்டாங்க. மாசாமாசம் வர்ற மகளிர் உரிமைத்தொகை ஆயிரத்துல சேத்து வச்சதாம். பஸ்ல வரப்ப சொம்ப மடில வச்சுகிட்டு, "இத வச்சு வீடியோ எடுக்கறதுன்னா எடு, ஆனா மொதல்ல தண்ணி ஊத்தறத காட்டு" ன்னாங்க.